ஆற்றுப்படையும் எலுமிச்சம்சோற்றுப் பொட்டலமும்

நம் இலக்கிய நண்பர்கள் கூட்டாகப் பயணம் கிளம்பினால், மதியம் எங்கே சாப்பிடுவது என்பதே முதல் விவாதப்பொருள். அதில் பிழையில்லை. அந்த விவாதம் எப்போதும் ஒரே இடத்தில் முடிவதுதான் பிழை. பத்துப்பேரில் ஒருவர், "எனக்குப் புதுச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது" என்பார். அக்கணம் முதல் வண்டி முழுவதும் அவருடைய நாக்குக்குக் கட்டுப்பட்டுவிடும். தஞ்சாவூரானாலும் நாகர்கோவிலானாலும் சாலையோரத்து 'உயர்தர சைவ உணவகம்'. அதே இட்லி, அதே பொங்கல், அதே தயிர்சாதம். ஊரின் கல்லைத் தடவிப் பார்த்து, ஊரின் சோற்றைத் தொடாமல் திரும்பியவர்கள், பிறகு அவ்வூர்ப் பண்பாட்டைப் பற்றிப் பத்துப்பக்கக் கட்டுரை எழுதுகிறார்கள்.

எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு வருகிறவர்களும் இதற்கு விலக்கல்லர். மல்லாட்டை என்னும் சொல் மணிலாக்கொட்டையின் மரூஉதானா என்று அரைமணி நேரம் வாதிடுவார்கள். மல்லாட்டைத் துவையலை விரலால்கூடத் தொடமாட்டார்கள். கேவுருக் களியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இவர்களில் பலர் தமிழாசிரியர்கள் என்பதுதான் வேதனை. இங்கிருந்து திருவண்ணாமலை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் செங்கம். நன்னனின் செங்கண்மா அதுதான் என்றும், அவனுடைய நவிரமலை இன்றைய பர்வதமலை என்றும் ஆய்வாளர் சொல்வர். அவனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்ற கூத்தன் பெறாதவனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டு, பாதையோடு சேர்த்துச் சோற்றையும் சொல்கிறது. மலைச் சிற்றூரில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும், இன்னோரிடத்தில் மூங்கிலரிசியும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ், ஆயரிடத்தில் பால், வயலோரத்தில் மீனும் வெண்சோறும். வாசலில் தயங்கி நிற்காமல் சொந்த வீட்டுக்குள் போவதுபோல நுழையுங்கள், உறவினர்போலப் பழகுங்கள் என்பது அதில் வரும் அறிவுரை.

பெரும்பாணாற்றுப்படையும் அவ்வாறே. எயினர் குடிலில் புல்லரிசிச் சோற்றோடு உப்புக்கண்டம், இடையரிடம் பாலோடு தினைச்சோறு, உழவர் வீட்டில் கோழி, அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயும் மாவடுவும். பாணன் எயினர் வீட்டில் மாவடு கேட்கவில்லை. அந்தணர் வீட்டில் கோழி கேட்கவில்லை. எந்த இல்லத்தில் எது உணவோ அதுவே அவனுக்கும் உணவு.

"பசித்தவனுக்குத் தேர்வு ஏது?" என்று இதற்கு மறுமொழி சொல்வார்கள். பாணனின் பசி உண்மைதான். ஆனால் பசி மட்டுமே பொருளென்றால் 'சோறு கிடைக்கும்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே! எந்த அரிசி, எதனோடு கலந்தது, எப்படி வெந்தது என்று புலவன் நின்று நிதானித்துச் சொல்வானேன்? வயிறு நிறைவதைக் காட்டிலும் பெரிய ஒன்றை அவன் அறிந்திருந்தான். ஒரு நிலத்தை அறியும் வழிகளில் அதன் சோறும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் சில ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஜவ்வாது மலைக்குப் போனோம். எங்களோடு வந்த மாணவன் ஒருவனின் உறவினர் வீட்டில் சாமைச்சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்திருந்தார்கள். திணைக்கோட்பாட்டை மேடைதோறும் முழங்கும் ஒருவர், பையிலிருந்து எலுமிச்சம்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துத் திண்ணையில் பிரித்தார். வேறு மூவர் பிஸ்கோத்து தின்றார்கள். அந்த வீட்டு அம்மாள் மெல்லிய குரலில், "சுத்தமாத்தான் செஞ்சோம் சார்" என்றார். அந்த மாணவன் தலை நிமிரவே இல்லை. நான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டேன். அதனால் அந்தச் சொல்லின் கனம் குறைந்துவிடவில்லை.

'ஒத்துக்கொள்ளாது' என்ற சொல்லை நாம் கூர்ந்து பார்க்கவேண்டும். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவரை யாரும் குறைசொல்லப் போவதில்லை. ஆனால் பல வேளைகளில் அது வயிற்றின் மொழியன்று, சாதியின் மொழி. யார் சமைத்தது, எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்று நேராகக் கேட்க நாக்கு கூசுகிற காலத்தில், அந்தக் கேள்வி உடல்நலத்தின் வேடத்தில் வருகிறது. எதிரே இருப்பவர்களுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

சைவ உணவு உண்போரை நான் தாக்குவதாக எவரும் எண்ணவேண்டாம். அந்த வீட்டில் படைத்ததும் சைவச் சாப்பாடுதான்! காந்தி 1888இல் புலால் தொடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கோடு லண்டனுக்குப் போனார். அந்த விரதம் அவரை அறைக்குள் முடக்கவில்லை. தெருத்தெருவாக அலைந்து அவ்வூரின் மரக்கறி உணவகத்தைக் கண்டடைந்தார். அவ்வூர்ச் சைவ உணவாளர்களின் சங்கத்தில் சேர்ந்தார். முதலில் சப்பென்றிருந்த, மசாலா சேராத வேகவைத்த கீரையைப் பின்னர் விரும்பி உண்டதாகச் சத்திய சோதனையில் எழுதுகிறார். சுவை நாக்கில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. விரதம் வேறு, விலக்கல் வேறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அன்று திண்ணையில் பொட்டலம் பிரித்தவர்களில் ஒருவர் இன்று சாமை அரிசியை வழவழப்பான உறையில், கூடுதல் விலைக்கு வாங்கி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று எனக்கே பரிந்துரைக்கிறார். அதே தானியம்தான். உறை போட்டவுடன் ஒத்துக்கொள்கிறது. மலைக்காரியின் கை பட்டால் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உண்ண முடியாதவர் உண்ணவேண்டாம். காரணத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டு, பந்தியில் உடன் அமர்ந்து ஒரு வாய் மோராவது வாங்கிக் குடிக்கட்டும். தன் தயக்கத்தை மற்ற ஒன்பது பேர் மீதும் சட்டமாக்க வேண்டாம். உண்ண முடிந்தவர்கள், நண்பர் மனம் கோணுமே என்று அஞ்சி வீட்டாரின் மனத்தைக் கோணச்செய்ய வேண்டாம்.

இதுவும் இயலாதென்றால், வகுப்பில் ஆற்றுப்படை நடத்துவதையாவது அவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் விளக்கம் சொல்லும் அந்தச் சோற்றை வீட்டில் அன்றாடம் உண்டுவிட்டு வந்து, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.