சொரணை வந்தால் திருந்துவானா?

‘நாலு பேர் முன்னால் மானம் போனால்தான் புத்தி வரும்’ என்ற நம்பிக்கை வீட்டிலும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் கேள்விமுறை இல்லாமல் செல்லுபடியாகிறது. தவறு செய்தவர் கூனிக் குறுகினால் அடுத்த முறை கவனமாக இருப்பார் என்பது அதன் கணக்கு. கணக்கே தப்பு.

பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 100-க்கு 35 வேண்டும். ஒரு பாடத்தில் 34 எடுத்தவன் காலையில் ‘கணக்கில் ஃபெயில்’. சாயங்காலத்துக்குள் ‘ஃபெயிலான பையன்’. ராத்திரி தட்டின் முன் உட்காரும்போது ‘தண்டச்சோறு’. மதிப்பெண் பட்டியலில் மற்ற ஐந்து பாடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. குறைந்த ஒரு மதிப்பெண் ஆளையே விழுங்கிவிட்டது. 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. வீட்டுக்குள் போடும் ரேங்க்குக்கு அரசாணை ஏது?

உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் வெளியிட்ட நூலில் இரண்டு உணர்வுகளைப் பிரித்துக் காட்டினார். ‘செய்தது தப்பு’ என்பது குற்றவுணர்வு. ‘நானே தப்பானவன்’ என்பது அவமானம். முன்னது மன்னிப்புக் கேட்க, சேதத்தைச் சரிசெய்யத் தூண்டும். பின்னது ஒளிய வைக்கும், இல்லையென்றால் பழியைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் போட வைக்கும். ஜூன் டாங்னி குழுவினர் அமெரிக்கச் சிறைவாசிகளைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: குற்றவுணர்வு மிகுந்தவர்கள் விடுதலைக்குப் பின் மறுபடி குற்றம் செய்வது குறைவு, அவமானம் பழியைப் பிறர்மேல் தள்ள வைக்கும்போது அது கூடுகிறது.

இதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரு பொற்கொல்லன் பேச்சை நம்பி, தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் செய்தான். பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். மானத்தின் சிகரமாக இன்றும் அது பாடம் நடத்தப்படுகிறது. அதற்குப் பிறகும் மதுரை எரிந்தது என்பது அதே கதையில்தான் இருக்கிறது. காப்பியத்தின் உரைபெறு கட்டுரை இன்னும் ஒன்று சொல்கிறது: கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிய 1,000 பொற்கொல்லர்களைப் பலியிட்டான். பொய் சொன்னவன் ஒருவன். விசாரிக்காமல் தண்டித்த வழக்கம் மாறியதா என்பது பற்றி அங்கே பேச்சே இல்லை.

‘அப்படியானால் தப்பு செய்தவனைத் தட்டிக் கொடுக்கவா?’ என்று கேட்பார்கள். தப்பு தப்புதான், அதன் கனம் ஒரு குண்டுமணி குறைவதில்லை. சொல்லப்போனால், ‘நான் மக்கு’ என்பதுதான் வசதியான தப்பித்தல். மக்குக்குக் கணக்கு வராது, ஆகவே போட்டுப் பார்க்கவும் வேண்டாம். ‘மூன்றாவது வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன்’ என்பவனுக்குத்தான் வேலை மிச்சமிருக்கிறது. ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று கடினமான சொல் தேர்வு. அதில் சறுக்கிய பிறகு தம்மைக் கனிவோடு பார்க்கும்படி சொல்லப்பட்டவர்கள், ‘நீ கெட்டிக்காரன்’ என்று தூக்கிவிடப்பட்டவர்களைவிட அதிக நேரம் மறுதேர்வுக்குப் படித்தார்கள். புகழ்ச்சியும் வசவும் ஆளைத்தான் எடைபோடுகின்றன. படிக்க வேண்டியதோ பாடம்.

உயிர் பணயமாக உள்ள இடங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளின் தவறு அறிக்கைகளை வாங்குவது தண்டிக்கும் துறை அல்ல, நாசா. வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாளுக்குள் எழுதி அனுப்பியவருக்குப் பெரும்பாலும் தண்டனை விலக்கு உண்டு. படிவத்தின் தலைப்பில் விமானியின் பெயர் எழுதும் துண்டு ஒன்று இருக்கும். அதைக் கிழித்து, தேதி முத்திரையிட்டு, அவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தவறு மட்டும் கோப்பில் தங்குகிறது.