விழுந்த ட்ரிப் சுவிட்சும் எரிந்த கணினியும்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரக்காப்பொலவில் பிற்பகல் இரண்டு மணி வானத்தைப் பார்த்தே அன்றைய மாலையைச் சொல்லிவிடலாம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே வரும் இந்த மாதங்களில்தான் இலங்கையில் இடிமின்னல் உச்சத்தில் இருக்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கைகளில் சப்ரகமுவ மாகாணத்தின் பெயர் அப்போது அடிக்கடி வரும். இடி இடிக்கும்போது கம்பித் தொலைபேசியையும் மின் இணைப்பில் உள்ள சாதனங்களையும் பாவிக்க வேண்டாம் என்ற அறிவுரையும் கூடவே வரும். வாசிப்பவர்கள் தலையாட்டுவார்கள். பிளக் மட்டும் சுவரிலேயே இருக்கும். கேட்டால் கிடைக்கும் பதில்: “அதுதான் ட்ரிப் சுவிட்ச் இருக்குதே!”

கண்டி வீதியோரக் கடைகளிலும் உள்ளே ரப்பர் தோட்டத்து லயன்களிலும் ஒரேமாதிரி ஒலிக்கும் இந்தப் பதில் முழுத் தவறு. ட்ரிப் சுவிட்ச் மின்னலிலிருந்து கணினியைக் காப்பதில்லை. டிவியையோ ரவுட்டரையோ பிரிட்ஜையோ காப்பதுமில்லை. அந்த வேலைக்காக அது செய்யப்படவே இல்லை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்கக்கூடியதே. பக்கத்தில் இடி விழுகிறது, வீடு இருண்டுவிடுகிறது, போய்ப் பார்த்தால் ட்ரிப் சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறது. மேலே தட்டினால் கரண்ட் வருகிறது, எல்லாம் வேலை செய்கிறது. “ட்ரிப் விழுந்ததால்தான் தப்பினோம்” என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. நடந்தது வேறு. மின்னலின் அதிர்ச்சி வீட்டு வயருக்குள் வந்து, அதில் ஒரு பங்கு மண்ணுக்குக் கசிந்த பிறகே சுவிட்ச் விழுந்திருக்கிறது. சாதனங்கள் தப்பியது அன்று வந்த அதிர்ச்சி சிறியதாக இருந்ததால். பெரியதாக இருந்திருந்தால் சுவிட்சும் விழுந்திருக்கும், கணினியும் எரிந்திருக்கும். அப்படி எரிந்த வீடுகளில் “ட்ரிப் சரியில்லை” என்று சுவிட்சைத்தான் மாற்றுகிறார்கள். நம்பிக்கையை மாற்றுவதில்லை.

கணக்கைப் பார்த்தால் போதும். லைனில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ட்ரிப் சுவிட்ச் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு 30 மில்லிஅம்பியரை எட்டினால், எங்கோ மின்சாரம் கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாகக் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பை வெட்டுகிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட நேரம் 300 மில்லிசெக்கன். கசிவு ஐந்து மடங்காக, அதாவது 150 மில்லிஅம்பியராக இருந்தால் 40 மில்லிசெக்கன். மனித உயிரைக் காக்க அந்த வேகம் போதும். ஆனால் மின்னலால் கம்பியில் எழும் அலை சில மைக்ரோசெக்கன்களில் உச்சத்தைத் தொட்டு, சில நூறு மைக்ரோசெக்கன்களுக்குள் அடங்கிவிடும். 40 மில்லிசெக்கன் என்பது 40,000 மைக்ரோசெக்கன். ட்ரிப் சுவிட்சின் உள்ளே நெம்புகோல் அசையத் தொடங்கும்போது கணினியின் மின்வழங்கிப் பகுதி ஏற்கெனவே கருகியிருக்கும்.

சுவிட்ச் முன்கூட்டியே அணைந்திருந்தாலும் முழு நிம்மதி இல்லை. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3000 வோல்ட் போதும். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். சுவரிலுள்ள பிளக் சுவிட்ச் பெரும்பாலும் லைனை மட்டுமே வெட்டுகிறது, நியூட்ரல் கம்பி வெளியே தூண்கள் வரை தொடர்பிலேயே இருக்கிறது. மின்னல் கம்பியின் மேல் நேரே விழவேண்டிய அவசியமும் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு தென்னையில் விழுந்தால்கூடப் பக்கத்து மேல்நிலைக் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். ரப்பர் மலைகளுக்கு நடுவே நீண்ட தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரும் தோட்டப்புறத்துக்கு இந்த ஆபத்து நகரத்தைவிட அதிகம்.

இன்னொரு பக்கத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள் ட்ரிப் சுவிட்சைத் தொடாமலே நேரே டிவிக்குள் போகிறது. செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பும் அப்படியே ரவுட்டருக்குள் போகிறது, அங்கிருந்து இன்னொரு கம்பி கணினிக்கு. இந்த வழிகளில் வருவதை மின்சாரப் பெட்டியிலுள்ள எந்தச் சுவிட்ச் நிறுத்தும்? கண்ணாடி இழை இணைப்பு எடுத்த வீடுகளில் அந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் இன்னும் பிளக்கில்தான் செருகியிருக்கிறது.

மின்னலே இல்லாத நாளிலும் ட்ரிப் சுவிட்ச் கைவிடும். பலாக்கொப்பு முறிந்து விழுந்து வெளியே நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? இங்கே வீட்டுக்கு வருவது 230 வோல்ட், இரு லைன்களுக்கு இடையே இருப்பது 400 வோல்ட். நியூட்ரல் அறுந்ததும் குறைவாக மின்சாரம் பாவிக்கும் வீட்டில் வோல்ட்டேஜ் 400ஐ நெருங்கக்கூடும், அதுவும் பல நிமிடங்களுக்கு. பல்ப் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு எரியும், சாதனங்கள் ஒவ்வொன்றாகப் புகையும். ட்ரிப் சுவிட்சோ அசையாது. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாகவே இருக்கின்றன, அதன் கணக்கில் எந்தத் தவறும் இல்லை. இதற்கு வேண்டியது வோல்ட்டேஜ் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் தனிக் கருவி.

ட்ரிப் சுவிட்ச் வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் அநியாயம். அது மனித உயிருக்கான கருவி. ஈரக் கையோடு பழுதான கேத்தலைத் தொட்ட பிள்ளையைக் காப்பது அதுதான். ‘T’ என்று எழுதிய பொத்தானை இடைக்கிடை, முக்கியமாகப் பெரிய இடிமழைக்குப் பிறகு, அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் செத்துவிட்டது. அதைக் கணினிக் காவலாகக் கொண்டாடும் வீடுகளில் பல அந்தப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தியதில்லை என்பதுதான் வேதனை.

அடுத்து, கடையில் வாங்கும் சர்ஜ் ப்ரொடெக்டர். இது உண்மையிலேயே மின்னழுத்த எழுச்சிக்காகச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் வாரிஸ்டர் என்ற சிறு வில்லை, வோல்ட்டேஜ் அளவு மீறியதும் வழியைத் திறந்து அதிர்ச்சியை எர்த் கம்பிக்குத் திருப்பிவிடும். எர்த் இல்லாத வீட்டில் அது எங்கே திருப்பும்? மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகிய நிமிடத்திலேயே கொடுத்த காசில் பெரும்பங்கு போய்விட்டது. ஒவ்வோர் அடிக்கும் அந்த வில்லை தேய்ந்துகொண்டே வரும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை. பாதுகாப்பு விளக்கு அணைந்த பின்னும் அது வெறும் எக்ஸ்டென்ஷன் கோட்டாக வருடக்கணக்கில் வேலை செய்யும். ஸ்டெபிலைசரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: மெதுவாக ஏறியிறங்கும் வோல்ட்டேஜை அது சீராக்கும், மின்னல் வேகம் அதற்குத் தெரியாது.

எர்த் என்று ஏதோ ஒரு கம்பி மண்ணில் இறங்கினால் மட்டும் போதாது, அது குறுகியதாக இருக்க வேண்டும். ஒரு மைக்ரோசெக்கனுக்கு 1000 அம்பியர் என்ற வேகத்தில் ஏறும் மின்னோட்டம் கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 1000 வோல்ட்டை உண்டாக்கும். வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டர் ஓடி மண்ணைத் தொடும் கம்பி, அந்த நொடியில் காப்பதற்குப் பதில் பத்தாயிரம் வோல்ட்டை வீட்டுக்குள் நிறுத்திவைக்கும். மின்சாரம், டிஷ், தொலைபேசி மூன்றும் ஒரே இடத்தில் உள்ளே வந்து ஒரே எர்த்தோடு சேர்வதே சரியான முறை. மெயின் பெட்டியிலேயே பொருத்தும் சர்ஜ் கருவியும் அங்கே இருந்தால் சாதனங்களுக்கு உண்மையான காவல் கிடைக்கும்.

லயன் அறைகளின் நிலைமையைப் பார்த்தால் கோபம் வருகிறது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடம் திரைக்கு வந்தபோது, பால் வெட்டும் கூலியில் மிச்சம் பிடித்தும் கடன்பட்டும் பிள்ளைகளுக்குக் கைபேசியும் லெப்டொப்பும் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் பல. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வயர் இழுத்து, ஒரே மல்டி பிளக்கில் எல்லாவற்றையும் தொங்கவிடும் இடங்களில் எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு லெப்டொப் எரிந்தால் இன்னொன்று வாங்குவது பல மாதக் கனவு. “ட்ரிப் இருக்கு, பயப்படாதீங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போகிற வயரிங் பாஸ் அவர்களுக்குச் செய்வது துரோகம்.

ஒரு தலைமுறைக்கு முந்திய வழக்கம் இதைவிட மேலானது. வானம் கறுத்ததும் வீட்டுப் பெரியவர்கள் டிவி பிளக்கைப் பிடுங்கி, அன்டெனா வயரைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். அதைப் பட்டிக்காட்டுப் பயம் என்று சிரித்த பிள்ளைகள் இன்று ட்ரிப் சுவிட்சை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிடுங்கிய பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒரு முழ இடைவெளி, கம்பி வழியே வரும் அதிர்ச்சியைத் தடுக்கிறது. அதற்குச் செலவும் இல்லை. வேலை முடிக்க வேண்டியிருந்தால் லெப்டொப்பை பற்றரியில் ஓட்டலாம்.

நேரம் மட்டும் முக்கியம். பிடுங்க வேண்டியது வானம் கறுக்கும்போதே, இடி தலைக்கு மேல் வந்த பிறகு அல்ல. அப்போது பிளக்கையும் கேபிளையும் தொடுவது உயிருக்கே ஆபத்து. கரண்ட் போன வேளையிலும் இதே பழக்கம் உதவும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலத்திலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமையிலும், கரண்ட் திரும்பி வரும் முதல் நிமிடங்களில் வோல்ட்டேஜ் தடுமாறக்கூடிய நிலை இருந்தது. கணினியின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பல்ப் சில நிமிடம் நிலையாக எரிவதைப் பார்த்த பிறகு செருகினால் போதும்.