பத்துக்குப் பத்து

புது கார் எடுத்த அன்று ஷோரூமில் கேக் வெட்டச் சொன்னார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே விற்பனைத் தம்பி மெதுவாகச் சொன்னார்: "சார், கம்பெனியிலேர்ந்து கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க. ஒன்பதுன்னாகூட என் இன்சென்டிவ் போயிடும்."

இதற்குப் பெயர் வாடிக்கையாளர் சேவையாம்.

பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி. எதுக்குங்க இது என்றால் பதில் இல்லை. இன்சூரன்ஸை வெளியே போட்டுக்கொள்கிறேன் என்றதும், "அப்போ டிஸ்கவுன்ட் கிடையாது சார்." 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். கட்டாயம் காப்பீடுதான், ஷோரூம்காரர் கைகாட்டும் கம்பெனி அல்ல. யாரிடம் எடுப்பது என்பது வாங்குபவர் உரிமை.

அந்த வரியை பில்லில் சேர்த்தது தம்பி இல்லை, முதலாளி. ஆனால் போனில் வந்த கேள்வி எது? "எங்கள் பணியாளர் கனிவாக நடந்துகொண்டாரா?" முதலாளிக்கு மார்க் போட அதில் இடமே இல்லை. குறைத்துச் சொன்னால் தம்பி சம்பளத்தில் கை வைப்பார்கள். கூட்டிச் சொன்னால் அடித்த காசுக்கு நாமே நற்சான்று கொடுத்த மாதிரி.

நான் பத்து சொன்னேன். சொல்லிவிட்டு வெட்கப்பட்டேன்.

நீங்களும் பத்தே சொல்லுங்கள். ஆனால் போனை வைக்காதீர்கள். "தம்பிக்குப் பத்து. உங்க பில்லுக்குப் பூஜ்யம். ரெண்டையும் எழுதிக்கோங்க" என்று சொல்லுங்கள். எழுத மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.