முதலில் செடி, பிறகு மீன்

வீட்டில் ஒரு மீன் தொட்டி வைக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். கண்ணாடித் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, ஏர் பம்ப், பாலிதீன் பையில் ஆறேழு மீன் என்று எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். அன்று மாலையே லைட் எரியும், மீன் நீந்தும், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். நாலைந்து நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். ஒரு மீன் பக்கவாட்டில் சாயும். பயந்துபோய்த் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். மிச்சமிருந்த மீன்களும் போய்விடும். கடைசியில் தொட்டி பரணுக்குப் போகும். நமக்கு மீன் ராசியில்லை என்று பேச்சு முடியும்.

ராசிக்கு இதில் வேலையே இல்லை. தப்பியது வரிசைதான். உயிருள்ள செடிகள் வளரும் சிறிய நன்னீர்த் தொட்டியில் முதலில் மண், அடுத்து செடி, அதன்பின் பொறுமை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மீன். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் புதிதாகத் தொடங்குபவருக்கும் தொட்டி நிலைக்கும். ஜவ்வாது மலையில் இருப்பவர்களுக்கு, அதுவும் நெல்லிவாசல்நாடு போன்ற மலை ஊராட்சியில் இருப்பவர்களுக்கு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை வெயிலையும் மாநகராட்சிக் குழாயையும் மனதில் வைத்துச் சொல்லப்படும் யோசனைகள் பல மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் வெளியிட்ட சோதனையிலிருந்து தொடங்கலாம். சுமார் 12 கேலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் பாதியளவு ஊற்றுநீர் ஊற்றி, அடியில் மணலும் சேறும் கல்லும் போட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். செடி ஆக்ஸிஜன் தரும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகத்தான் போனது. ஆனால் முதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. நாடாபோல் நீண்ட இலைகளுடைய அந்தச் செடி வகை நம் ஊர் ஏரி குளங்களிலும் வளர்கிறது. மீன் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கிறது.

வாரிங்டன் பார்க்க முடியாத இன்னொரு கூட்டாளியும் அந்தப் பாத்திரத்தில் இருந்தது: பாக்டீரியா. மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகிய இலையும் தண்ணீரில் அம்மோனியாவாகின்றன. அம்மோனியா மீனின் செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை; செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. மணலிலும் கல்லிலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் ஒட்டிப் படிந்து மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் இவை போதிய அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நாளாகும்.

முதல் வாரத்தில் மீன் சாவது ஏன் என்பது இப்போது விளங்கும். கழிவு வந்துவிட்டது, அதை மாற்றும் பாக்டீரியா இன்னும் வரவில்லை. கல்லையும் ஃபில்டரையும் குளோரின் தண்ணீரில் தேய்த்துக் கழுவியவர் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த பாக்டீரியாவையும் கழுவிவிட்டார். உயிருள்ள செடி இங்கேதான் கைகொடுக்கிறது. பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியாவையே விரும்பி எடுத்துக்கொள்கின்றன. செடி அடர்ந்த தொட்டியில் நஞ்சு சேருமுன்பே அதில் பெரும்பங்கு இலையாகிவிடுகிறது.

தொட்டி எவ்வளவு பெரியது? சின்னதாகத் தொடங்கலாம் என்று கிண்ணம் வாங்குவது தவறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் நஞ்சும் சட்டென்று ஏறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி புதியவருக்குப் பொருத்தம். அதில் சுமார் 54 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 54 கிலோ; மண், மணல், கண்ணாடி சேர்ந்தால் 75 கிலோவைத் தொடும். ஆடாத மேசை வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் தகடு வேண்டும். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம்.

அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படுகை அமையட்டும். கீழே ஓர் அங்குலம் மண். மேலே ஒன்றரை அங்குலம் மணல். மண் உரமோ பூச்சிமருந்தோ படாத இடத்திலிருந்து வர வேண்டும். எரு போட்ட சாமை நிலத்து மண் பயிருக்கு நல்லது. தொட்டிக்கு ஆகாது, தண்ணீரில் அம்மோனியா பொங்கும். மண்ணைச் சலித்து, வேரும் சருகும் நீக்கி, வாளியில் ஊறவைத்து, மிதப்பதை வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். மணலைக் கழுவும்போது மட்டும் தண்ணீர் தெளியும்வரை விடாமல் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் அடுக்கு கலையாது.

செடியில் கஞ்சத்தனம் கூடாது. முதல் நாளே மணற்பரப்பில் முக்கால்வாசியாவது செடியால் நிறையட்டும். பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா, நடுவில் நீர்ப்பிரமி, மிதக்கவிட செரட்டோஃபில்லம் என்ற வேரில்லாத பாசிச்செடி. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கல்லோடு கட்டுங்கள். நீர்ப்பிரமி நம் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானாக வளரும் மூலிகைதான். வெளியிலிருந்து எடுக்கும் செடியை ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டு தட்டானின் இளம்புழு வந்துவிடும்; சிறு மீனைப் பிடித்துத் தின்னக்கூடியது அது.

நட்ட பிறகு வரும் முதல் இரண்டு வாரம்தான் பலரைக் கலங்கடிக்கிறது. நீர்ப்பிரமியின் தடித்த பழைய இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பேறி, கண்ணாடிபோல் மெலிந்து, விரல் பட்டாலே கழன்று வரும். செடி செத்துவிட்டதென்று பிடுங்க வேண்டாம். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் வேலை செய்யாது. செடி அதை உதிர்த்துவிட்டுத் தண்ணீருக்கென்றே மெல்லிய புது இலை விடுகிறது. தண்டின் நுனியைப் பாருங்கள். அங்கே வெளிர்பச்சையில் சிறு துளிர் இருந்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி எடுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கினாலும் கொட்ட வேண்டாம். அது பாக்டீரியா பெருகும் கலங்கல், தானே தெளியும்.

லைட் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அதற்குமேல் எரித்தால் செடியைவிடப் பச்சைப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். கண்ணாடியில் பாசி படர்ந்தால் லைட்டைக் குறையுங்கள், வேகமாக வளரும் செடியைக் கூட்டுங்கள்; மருந்து ஊற்ற வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், விலையுயர்ந்த உரம் எதுவும் மேலே சொன்ன செடிகளுக்குத் தேவையில்லை.

இனி மலைக்கே உரியவை. ஜவ்வாது மலை கருங்கல் பாறையாலானது. அத்தகைய பாறைமேல் ஓடிவரும் ஓடை நீரும் ஊற்று நீரும் பொதுவாக மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறியதாக இருக்கலாம். பாத்திரத்தில் வெள்ளைப்படிவம் விழுகிறதா என்று பார்த்தால் தெரியும். இரண்டிலும் தொட்டி வைக்கலாம். மிக மென்மையான நீரில் அமிலத்தன்மை திடீரென்று கூடிக் குறையும். ஃபில்டருக்குள் நாலைந்து கிளிஞ்சல் துண்டு போட்டால் அது கட்டுப்படும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரென்றால் வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

அடுத்தது உயரம். இதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் சுமார் 8 சதவீதம் குறைவு. அங்கே 25 டிகிரித் தண்ணீரில் கரைவதும் சமவெளியில் 30 டிகிரித் தண்ணீரில் கரைவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம். குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் கூடுதலாகக் கரையும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மலையில் இருக்கிறோம், தாராளமாக மீன் விடலாம் என்று நினைக்க வேண்டாம். இரவில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மீன் அதிகம் அல்லது நீர்ப்பரப்பு அசையவில்லை என்று அர்த்தம்.

மார்கழிக் குளிரும் மழைக்காற்றில் போகும் கரண்டும் மீன் தேர்வைத் தீர்மானிக்கட்டும். நியான் டெட்ரா, ஏஞ்சல், சண்டை மீன் ஆகியவை வெதுவெதுப்பை விரும்புபவை. குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் மெலிந்து நோய்ப்படும். ஹீட்டரை நம்பி, கரண்டை நம்பி அவற்றை வாங்குவதைவிட, 18 டிகிரிவரை தாங்கும் ஜீப்ரா டேனியோ நல்ல தேர்வு. இந்தியாவின் சொந்த மீன் அது. ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் கூட்டமாக வாழ்வது. 54 லிட்டர் தொட்டிக்கு எட்டு போதும். துள்ளும் மீனாகையால் தொட்டிக்கு மூடி வேண்டும். தங்கமீன் வேண்டாம், ஓரடியை நெருங்கி வளரும், செடியையும் பிடுங்கிப்போடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் டேங்க் கிளீனரும் வேண்டாம். விரலளவு குஞ்சு முழங்கை நீளத்துக்குமேல் வளரும்.

மீன் விடும் நாள் எது? அம்மோனியா, நைட்ரைட் சோதனை கிட் வண்ண மீன் கடைகளில் கிடைக்கிறது. செடி நட்டது முதல் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. தீனி போட்டும் இரண்டு அளவும் பூஜ்யமாகவே நின்றால், செடியும் புது இலை விட்டிருந்தால், நாலு மீன் விடலாம். இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலு.

கீழே திருப்பத்தூரிலிருந்தோ வேலூரிலிருந்தோ மீன் வாங்கி மலையேறும்போது பை மூடியே இருக்கட்டும். பல மணி நேரம் மூடிய பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். கூடவே மீனின் மூச்சிலிருந்து வந்த கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரை அமிலமாக்கி அந்த நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி நஞ்சின் வீரியம் ஏறும். ஆகவே மூடிய பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தாமதிக்காமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அதன்பின் வேலை குறைவு. ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். குறைந்ததை மட்டும் நிரப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கொதிக்கக் கொதிக்க ரசம் கரிப்பதுபோல, ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். ஸ்பாஞ்சை, மாற்றுவதற்காக எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். செடியோடு வந்த சிறு நத்தைகளை ஒழிக்க மெனக்கெட வேண்டாம். வாரிங்டனின் நத்தைகள் செய்த வேலையைத்தான் இவையும் செய்கின்றன. அவை திடீரென்று பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்பதற்கு அது அடையாளம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொட்டியில் வேண்டாமென்று போன மீனையும் வெட்டிய செடியையும் ஓடையில் விடாதீர்கள். யாரோ விட்ட டேங்க் கிளீனர் மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா என்ற மீன், நம் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. செய்யாற்றுக்குத் தண்ணீர் தருவது ஜவ்வாது மலை. மலையோடையில் விடும் ஒரு ஜோடி மீன் அடிவாரத்து ஏரிவரை இறங்கிப் போகும். வேண்டாத மீனைக் கடைக்கோ இன்னொரு தொட்டிக்காரருக்கோ கொடுங்கள். செடியைக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். காப்புக்காட்டு ஓடையில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பதும் கூடாது.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். மண்ணும் செடியும் மீனும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் ஒன்றையொன்று தாங்குவதை மலைப் பள்ளி மாணவர் ஒருவர் பாடப்புத்தகத்தில் படிப்பது ஒரு விதம். ஒரு மாதம் காத்திருந்து, அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கியதைத் தன் கையால் சோதித்துப் பார்ப்பது வேறு விதம். அப்படிப் பார்த்தவர் தன் ஊர் ஓடையில் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்பதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. மலையிலுள்ள பள்ளிகள் வகுப்பறைக்கு ஒன்று வைக்க முடியாவிட்டாலும் பள்ளிக்கு ஒன்று வைக்கலாம். முதல் மாதம் அதில் மீன் இருக்காது. அந்த ஒரு மாதம்தான் முதல் பாடம்.