அவசரத்துக்கு என்ன விலை?



பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள் என்பதால், ஊருக்குத் திரும்பும் கூட்டமும் ஒரே நாளில்தான் கிளம்புகிறது. பிள்ளை ஹைதராபாத்தில், பெற்றோர் திருப்பதி பக்கம் சந்திரகிரியில் என்றிருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வருடா வருடம் கேட்கும். "ஃப்ளைட்டுல வந்துடேன்டா, ஒரு மணி நேரந்தானே!" என்பார் அம்மா. "டிக்கெட் வெல பாத்தியாம்மா?" என்பான் மகன்.

இரண்டு பேர் சொல்வதும் பாதிக் கணக்குதான். மீதியையும் போட்டுப் பார்ப்போம்.

விமானம் பறப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் விமானம் ஏறுவது ஷம்ஷாபாத்தில், வீட்டு வாசலில் அல்ல. செகந்திராபாத் பக்கம் வீடு என்றால் முதலில் ஒரு மணி நேரக் கார் பயணம். விமானம் ஏறுமுன் நிலையத்தில் காத்திருப்பு. திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவில் இறங்கியபின், திருப்பதியைத் தாண்டிச் சந்திரகிரிக்கு இன்னொரு வண்டி. வாசலிலிருந்து வாசலுக்கு எப்படியும் ஐந்து மணி நேரம் ஆகிவிடும், இரண்டு வாடகைகளும் சேரும்.

2023 ஏப்ரலில் தொடங்கிய செகந்திராபாத்–திருப்பதி வந்தே பாரத் ரயில், சுமார் 660 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்துக்குள் கடக்கிறது. சேர் கார் கட்டணம் 2,000 ரூபாய்க்குள். நாராயணாத்ரி எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் திருப்பதி. ஸ்லீப்பர் 500 ரூபாய்க்குள். பன்னிரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் பாதி தூக்கத்திலேயே போய்விடும்.

சரி, முன்கூட்டியே பதிவு செய்தால் விமானமும் மலிவுதானே என்று கேட்கலாம். உண்மைதான். சிக்கல், முன்கூட்டியே தெரியாத பயணங்களில். நாளைக்கு நேர்முகத் தேர்வு, இன்று அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் இருக்கிற விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். மலிவான இருக்கைகள் முதலில் விற்றுப்போகும்; கடைசியில் வருபவருக்கு உச்ச விலை. யாருக்கு அவசரம் அதிகமோ அவரிடமே அதிகம் வாங்கும் ஏற்பாடு இது.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது கட்டணம் எகிறியது. மத்திய அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 7,500 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது, வரிகள் தனி. வான்வழியில் திருப்பதி–ஹைதராபாத் இந்தத் தூரத்துக்குள் அடங்கும். அந்த 'கட்டுப்படுத்திய' விலையிலேயே பதினைந்து பேர் ஸ்லீப்பரில் போகலாம்.

ரயிலும் அவசரத்துக்குக் காசு வாங்குகிறது, தட்கல் அதற்குத்தானே? ஆனால் ஸ்லீப்பர் தட்கலுக்குக் கூடுதலாக 200 ரூபாய்க்கு மேல் கிடையாது. மூன்றடுக்கு ஏசிக்கு 400. இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தால் என்ன விலை என்பது முன்பே தெரியும். விமானத்தில் இடம் கிடைக்கும், விலைதான் அதிர்ஷ்டம்.

விமானத்துக்கும் இப்படி ஒரு வரையறை வைக்கப் பார்த்த திட்டம்தான் 'உடான்'. ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய், பாதி இருக்கைகளுக்கு மட்டும். 2017 ஏப்ரல் 27-ல் அது தொடங்கிய நாளிலேயே பக்கத்துக் கடப்பாவிலிருந்தும் ஹைதராபாத்துக்கு விமானம் பறந்தது. வரம்புக்குள் விமானம் ஓட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. அரசின் மானியம் இல்லாமல் ஓடாது என்பதற்கும் அதுவே சாட்சி.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். திருப்பதிக்குச் சப்தகிரி எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்புக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. குடும்பத்தோடு நான்கு பேர் என்றால் காரும் கட்டுப்படியாகும். பஸ், ரயில், விமானம் மூன்றும் தலைக்கு இவ்வளவு என்று எண்ணும், கார் எண்ணாது.

ரயில் மலிவுதான், ஆனால் இடம் வேண்டுமே. சந்திரகிரி வழியாகச் செல்லும் திருப்பதி–பாகாலா–காட்பாடி பாதை இன்னும் ஒற்றை வழி. 104 கிலோமீட்டரையும் இரட்டைப் பாதையாக்க 1,332 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. புதிய விமான முனையங்களைத் திறப்பதில் காட்டும் வேகத்தை இதிலும் காட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ரயிலில் இடம் பெருகினால்தான் அவசரக்காரருக்கு மலிவான மாற்று வழி இருக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. பண்டிகைத் தேதி காலண்டரில் எப்போதோ அச்சாகிவிட்டது. இன்றைக்கே பிள்ளைகளுக்கு ஒரு போன் போட்டு நினைவுபடுத்துங்கள். வாசலிலிருந்து வாசலுக்கு உங்கள் பயணத்துக்கு என்ன செலவானது என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் கணக்குகளை அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம், மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்