ஹஸ்கிக்குக் கண்டி குளிரா?



கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகி ஏறும்போதே யன்னலைத் திறந்து, "அப்பாடா, என்ன குளிர்!" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் கண்டியில் இப்போது ஹஸ்கி வாங்குகிறோம். "கண்டி குளிர்தானே, தாங்கும்" என்று விற்கிறவர் சொல்கிறார். வாங்குகிறவரும் அதையே வீட்டில் போய்ச் சொல்கிறார். நாயை யாரும் கேட்பதில்லை.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். சராசரி வெப்பநிலை 24, 25 பாகை. இந்த நாய் உருவானதோ ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுக்சி மக்களின் பனிநிலத்தில். அங்கே மாரிகாலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை என்பது சாதாரணம்.

வெப்பமானியைவிட ஈரப்பதன்தான் பெரிய தொல்லை. ஒரு ஹஸ்கியின் முதுகு மயிரை விரலால் பிரித்துப் பாருங்கள். மேலே நீண்ட, சற்று முரடான மயிர். நீரும் பனியும் அதைத் தாண்டாது. அதை விலக்கினால் அடியில் மெல்லிய மயிர், தோலே தெரியாத நெருக்கத்தில். இந்த இரட்டை மயிருக்குள் சூடு தங்கிவிடும். நாய்க்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, வாயின் ஈரம் ஆவியானால்தான் உடம்புச் சூடு தணியும். நடுவில் வாவி, சுற்றிவளைத்து மகாவலி, நாலு பக்கமும் மலை என்று கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் மழைநாளில் கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறதோ, அப்படித்தான் அந்த ஈரமும் ஆவியாகும். நாயின் உடம்புச் சூடு 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

"மொட்டையடித்து விடலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த மயிர் வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதுமில்லை. உதிர்ந்த அடிமயிரைச் சீவி எடுத்தாலே போதும்.

அப்படியானால் நுவரெலியா? 1,868 மீற்றர், சராசரி 16 பாகை, கொஞ்சம் ஆறுதல்தான். 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டு வேட்டை நாய்களை அங்கே கொண்டுவந்து இறக்கினார். அவர் முதலில் அந்த மலை ஏறியது தம்முடைய காய்ச்சல் தேறுவதற்காக. நாய்களுக்கு அந்த இடம் பிடித்ததோ என்னவோ, சிறுத்தைகளுக்கு அந்த நாய்களை நன்றாகவே பிடித்துப்போயிற்று.

ஏசி போட்டு வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? விசிறியில்லாமல் நாமே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தோம். இரட்டை மயிரோடு அந்தப் பிராணிகள் டைல்ஸ் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தன.

இனி, விலை கொஞ்சம் குறைவு என்று வரும் 'ஹஸ்கி கிராஸ்'. கிராஸ் என்றால் சூடு தாங்கும் என்பது இங்கே உறுதியான நம்பிக்கை. ஆனால் பெரும்பாலும் எதோடு சேர்க்கிறார்கள்? ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன். இரண்டுக்கும் இரட்டை மயிர்தான்! குட்டிக்கு மட்டும் எங்கிருந்து மெல்லிய மயிர் வரும்? ஊர்நாயோடு சேர்ந்த குட்டிக்கு ஒருவேளை குட்டை மயிர் அமையலாம், அதுவும் அதிர்ஷ்டம்தான். வாங்குகிறவர் பார்ப்பது நீலக் கண்ணை. சூட்டைத் தாங்குவதற்கும் அந்த நீலத்துக்கும் சம்பந்தமில்லை.

அலாஸ்காவில் கதை வேறு. 1973 முதல் நடக்கும் இடிட்டரோட் நெடும்பந்தயத்தில் சறுக்குவண்டி இழுப்பவை பெரும்பாலும் 'அலாஸ்கன் ஹஸ்கி' என்னும் கலப்பு நாய்கள். கிரேஹவுண்ட், பொயின்ற்றர் இரத்தம்கூடச் சேர்ந்திருக்கும். அங்கே முகத்தைப் பார்த்துச் சேர்க்கவில்லை, காலைப் பார்த்துச் சேர்த்தார்கள். 1925இல் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் பரவியபோது ஏறத்தாழ 20 வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி, 1,085 கிலோமீற்றர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்து சேர்த்தார்கள். மிக நீண்ட பகுதியை இழுத்த கூட்டத்தின் தலைவன் டோகோ. கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்குத்தான் நியூயோர்க்கில் சிலை. அங்கும் இப்படித்தான் போலும்.

அவ்வளவு தூரம் ஓடப் பிறந்ததைக் கேற்றுக்குள் பூட்டினால் அது தோட்டத்தைத் தோண்டும். ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதுதான் அதிகம். இராத்திரியில் நாய் ஊளையிட்டால் நம் ஆச்சிமார் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அயல்வீட்டாரோடு பேச்சுவார்த்தை அற்றுப்போக அதுவே போதும்.

ஏற்கெனவே வளர்க்கிறவர்களைக் கடிந்துகொள்ள இதை எழுதவில்லை. வந்துவிட்டது, இனி அதுவும் வீட்டுப்பிள்ளை. விடியுமுன் நடக்க விடுங்கள், பகலில் நிழலும் தண்ணீரும் குறையாமல் பாருங்கள். இளைப்பு நிற்காமல், கால் தள்ளாடினால் உடம்பை நனைத்துக் காற்றுப்பட வைத்துக்கொண்டே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் நம் பேராதனையில்தான் இருக்கிறது. அதற்கொரு போதனா வைத்தியசாலையும் உண்டு. இனித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் ஒழுங்கையிலேயே ஒரு கட்டாக்காலிக் குட்டி நிற்கும், ஒருதரம் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கிராஸ் நாய்களின் படங்களை அனுப்பிவையுங்கள். கண் இரண்டும் இரண்டு நிறமாக இருந்தால் அட்டையில் முன்னுரிமை. வெயிலில் நிறுத்தி எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்