உயிரணுவுக்கு மூலபத்திரம் எங்கே?

2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்து வரவு செலவுத் திட்டத்தில், புற்றுநோய் மருந்துகள் மூன்றுக்குச் சுங்க வரியை இந்தியா சர்க்கார் அறவே நீக்கினர். அதனை அப்பொழுதே யாவரும் வரவேற்றனர், நாமும் வரவேற்கிறோம். ஆயினும் அம்மருந்துகள் எங்கே, எதனால் செய்யப்படுகின்றன என்று கேட்டவர் மிகச் சிலரே. ட்ராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டிகான், துர்வாலுமாப் என்னும் இரண்டிலும் உள்ள எதிர்ப்பொருளை உண்டாக்குவது சீன தேசத்து எலியொன்றின் சினைப்பையிலிருந்து வந்த உயிரணு. இது கேட்டு நகைப்பாரும் உண்டு. ஆனால் இன்று உலகச் சந்தையில் விற்பனையாகும் எதிர்ப்பொருள் மருந்துகளிற் பெரும்பாலானவை இந்த உயிரணுவின் உழைப்பேயாகும்.

ஹாம்ஸ்டர் என்பது கன்னங்களில் தானியத்தை அடக்கிக்கொண்டு வளைக்கு ஓடும் சிறு பிராணி. 1919-ல் பீக்கிங் நகரத்தில் நிமோனியாக் கிருமிகளை வகைப்படுத்துவதற்கு அதனை முதன்முதல் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தனர். 1948-ல், சீனத்தில் உள்நாட்டு யுத்தம் முற்றியிருந்த சமயத்தில், நான்கிங்கிலிருந்த டாக்டர் ஹூ என்பவர் பத்து ஆண், பத்துப் பெண் பிராணிகளை ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் வாட்ஸனிடம் ஒப்படைத்தார். வாட்ஸன் அவற்றுடன் ஷாங்காயில் விமானமேறி அமெரிக்கா சேர்ந்தார். இந்த உதவிக்காக ஹூ பிற்பாடு குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. 1957-ல் டென்வரில் தியோடோர் பக் என்னும் விஞ்ஞானி, பாஸ்டனிலிருந்து பெற்ற பெண் ஹாம்ஸ்டர் ஒன்றின் சினைப்பைத் துணுக்கைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். அந்த உயிரணுக்கள் சாகாமல் பெருகின. பல தேசத்து ஆய்வுக்கூடங்களுக்கும் பரவின. அப்பிராணியின் உயிரணுவில் உள்ள குரோமோஸோம்கள் 22 மட்டுமே, அவையும் பெரியவை. ஆதலால் எக்ஸ்-கிரணத்தால் விளையும் பழுதை எண்ணிப் பார்ப்பதற்கும், ஒரு ரசாயனப் பொருள் பரம்பரைக் கூறுகளைக் கெடுக்குமா என்று சோதிப்பதற்கும் இவை மிகவும் ஏற்றவையாயின. அவ்வேலை இன்றும் நடக்கிறது.

மருந்துத் தொழிலில் இவை புகுந்தது பிறகுதான். இன்ஸுலினைப் பாக்டீரியாவைக் கொண்டு செய்துவிடலாம். ஆனால் ரத்த விருத்திக்குரிய எரித்ரோபொயட்டின் போன்ற புரதங்களின்மீது சர்க்கரைச் சங்கிலிகள் சரியாகப் பொருந்தவேண்டும். இல்லையேல் உடல் அவற்றை விரைவில் கழித்துவிடும். பாக்டீரியாவுக்கு அந்தக் கைத்திறம் இல்லை. ஹாம்ஸ்டர் உயிரணுவோ மனித உடல் செய்வதைப் போலவே ஏறக்குறையச் செய்துவிடுகிறது. 1980-ல் கொலம்பியா ஸர்வகலாசாலையில் உர்லாப், சேஸின் என்னும் இருவர், வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு என்ஸைம் இல்லாத ஹாம்ஸ்டர் உயிரணுவைப் பிரித்தெடுத்தனர். வேண்டிய மருந்தின் ஜீனை அந்த என்ஸைமின் ஜீனோடு இணைத்துச் செலுத்தினால், அதை ஏற்ற உயிரணு மட்டும் பிழைக்கும். பின்பு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் விஷமருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினால், உயிரணு தன்னைக் காத்துக்கொள்ள அந்த ஜீன்களைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்கிறது. ஒரு படி விதைத்துப் பல கலம் அறுப்பது போன்றதே இது. 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மாரடைப்பில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, இவ்வுயிரணுவின் முதல் சந்தைச் சரக்கு.

அந்த மெத்தோட்ரெக்ஸேட் எங்கிருந்து வந்தது? லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் நடந்த ஃபோலிக் அமில ஆராய்ச்சியின் விளைவு அது. சுப்பாராவ் பீமாவரத்தில் பிறந்தவர். நமது சென்னை வைத்தியக் கல்லூரி மாணவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி, வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, தாழ்ந்த பட்டமொன்றோடு வெளியேறியவர். அவர் 1923-ல் பாஸ்டனுக்குப் போனார். 1948-ல் அத்தேசத்திலேயே காலமானார். ஆக, சீனத்துப் பிராணியும் இந்திய மூளையும் சேர்ந்த இத்தொழிலில், சீனரும் இந்தியரும் நெடுங்காலம் விலை கொடுத்து வாங்குவோராகவே நின்றனர்.

இந்நிலை முற்றும் மாறவில்லை. ஆனால் சிறிது மாறியிருக்கிறது. ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி 2007-ல் ரிட்டுக்ஸிமாப் மருந்தின் இந்தியப் பிரதியை வெளியிட்டது. மார்புப் புற்றுநோய்க்குரிய ட்ராஸ்டுஸுமாப் மருந்தைப் பெங்களூர் பயோகான் 2014-ல் விலையைக் குறைத்து விற்க முன்வந்தபோது, மூலமருந்தின் சொந்தக்காரரான ரோஷ் கம்பெனியார் டில்லி ஹைக்கோர்ட்டை நாடினர். அவர்கள் அதன் இந்தியப் பேடண்டு உரிமையை 2013-லேயே கைவிட்டிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வழக்காடுவது அவர்கள் உரிமை. ஆனால் அந்த வருஷங்களில் நோயாளியின் குடும்பம் நகையை அடகு வைத்ததா, நிலத்தை விற்றதா என்பது எந்தக் கோர்ட்டின் கட்டிலும் ஏறவில்லை.

நாம் வக்கீல் தொழில் பயின்றவராதலின், நமக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஹாம்ஸ்டர் உயிரணு புறம்போக்கு நிலம் போல யாருக்கும் கிடைக்கிறது. ஆனால் அதன் மூலபத்திரம் தனியார் பெட்டியில் இருக்கிறது. மருந்து செய்ய அனுமதி கோருகிறவர், தம் உயிரணு எந்தக் கலத்தில் வளர்ந்தது, என்ன உணவு ஊட்டப்பட்டது, எந்தக் கிருமியும் தீண்டாதது என்று வம்சாவளி முழுவதையும் ருசுப்படுத்த வேண்டும். அது நியாயமான விதியே. ஆனால் அத்தகைய ருசுவோடு கூடிய உயிரணுவை வெளிநாட்டுக் கம்பெனிகள் லைசென்ஸ் கட்டணம் பெற்றுக்கொண்டே தருகின்றன. பெரிய கம்பெனிகள் கட்டணம் செலுத்திவிடும். சிறியவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். விற்பவர் இருவர் மூவராக இருக்குமட்டும் விலை எப்படி இறங்கும்? கம்பெனிகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் கனவான்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

புனேயில் தேசிய உயிரணு விஞ்ஞான மையம் இருக்கிறது. உயிரணுக்களைச் சேமித்து ஆராய்ச்சியாளருக்கு வழங்கும் பண்டகசாலையும் அங்கே உண்டு. 2017-ல் தொடங்கிய தேசிய பயோபார்மா திட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய் என்று சர்க்காரே அறிவித்தனர். மருந்து செய்வதற்குத் தகுதியான, வம்சாவளி ருசுவுள்ள ஹாம்ஸ்டர் உயிரணுவொன்றைப் பொதுப் பணத்தில் பரிபக்குவப்படுத்தி, இத்தேசத்தில் மருந்து செய்ய முன்வரும் எவருக்கும் பெயரளவான கட்டணத்தில் வழங்கவேண்டும். பெறுகிறவர் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு நிர்ணய விலையில் மருந்து தர உடன்பட வேண்டும். சுங்க வரி நீக்கத்தால் இறக்குமதிக்காரரின் மருந்து சிறிது மலிகிறது. இதனாலோ மருந்து இங்கேயே பிறக்கும். பார்லிமெண்டில் உள்ள நம் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்தொடரில் சுகாதார மந்திரியைக் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த உயிரணு எந்த வருஷத்தில், எந்த ஆய்வுக்கூடத்திலிருந்து, என்ன கட்டணத்துக்குக் கிடைக்கும்?